தம் பிழையைக் கல்லில் எழுதியவர்

மன்னர்கள் கல்லில் எழுத்துப் பொறிப்பது உலகின் பல நாடுகளிலும் இருந்த வழக்கம். எத்தனை போர்களில் வென்றோம், எந்தெந்த நாடுகளைக் கைப்பற்றினோம், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு பொன் வழங்கினோம் என்பனவே பெரும்பாலும் அக்கல்வெட்டுகளில் காணப்படும். நம் சோழ மன்னர்களின் கல்வெட்டுகளில் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தி என்னும் பகுதியும் அத்தகையதே. தாம் செய்த போரால் மாண்டவர் இத்தனை பேர், நாடிழந்து துன்புற்றோர் இத்தனை பேர், அதை எண்ணித் தம் நெஞ்சம் வருந்துகிறது என்று ஒரு மன்னர் யாரும் கேளாமலேயே மலைப்பாறையில் எழுதி வைத்தது அரிதினும் அரிது. அவ்வாறு எழுதி வைத்தவர் மௌரியப் பேரரசர் அசோகர்.

மாணவர்களே, நம் நாட்டு நாணயங்களில் உள்ள சிங்க முகங்களை நீங்கள் அறிவீர்கள். அவை சாரநாத்தில் அசோகர் நிறுவிய தூணின் உச்சியில் இருந்தவை. ஆனால், அவரை அறிந்துகொள்ளச் சிங்கங்களைவிட எழுத்துகளே நமக்கு உதவுகின்றன. குஜராத்தில் ஜூனாகத் நகரை அடுத்த கிர்நார், உத்தராகண்டத்தில் கால்சி, ஒடிசாவில் தௌலி, ஆந்திரத்தில் எர்ரகுடி, கருநாடகத்தில் பிரம்மகிரி எனப் பல இடங்களில் அவருடைய பாறை எழுத்துகள் இன்றும் உள்ளன. மும்பைக்கு அருகில் உள்ள சோபாராவிலும் அவற்றின் துண்டுகள் கிடைத்தன. தில்லி மாநகரின் தென்பகுதியில் பஹாப்பூர் என்னும் இடத்தில் ஒரு பாறை எழுத்து 1966இல் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் அசோகரின் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை. ஆகவே, தமிழ்நாட்டில் பயிலும் மாணவர்களுக்கு எளிதில் கிட்டாத ஒரு வாய்ப்பு, பிற மாநிலங்களில் வாழும் உங்களில் பலருக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது.

அசோகர், மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மகன். இன்றைய பாட்னாவே அன்று பாடலிபுத்திரம் என்னும் பெயரில் அவர்களுடைய தலைநகராக விளங்கியது. அவர் அரியணை ஏறிய காலம் கி.மு. 268ஐ ஒட்டியது என்பர். அவருடைய இளமையைப் பற்றிப் பௌத்த நூல்கள் பல கதைகளைக் கூறுகின்றன. தம் உடன்பிறந்தார் தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்று அவர் ஆட்சியைப் பிடித்தார் என்பது அவற்றுள் ஒன்று. பின்னாளில் நல்லவரான ஒருவரை முன்னாளில் மிகக் கொடியவராகக் காட்டுவது கதைக்குச் சுவை சேர்க்கும். ஆனால், அவர் அரியணை ஏறிப் பல ஆண்டுகள் கழித்து எழுதிய ஒரு கல்வெட்டில் தம் உடன்பிறந்தாரின் இல்லங்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுவோரின் குடும்பங்கள் அப்போது நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தன போலும்! எனவே, கதைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவரே எழுதுவித்தவற்றைக் கொண்டு அவரை அறிவதே நேரிய வழி.

தம் கல்வெட்டுகளில் அவர் பெரும்பாலும் அசோகர் என்று தம்மைக் குறிப்பதில்லை. தேவர்களுக்கு இனியவர், அன்போடு நோக்குபவர் என்னும் பொருளுடைய தேவானாம்பிரிய, பியதசி ஆகிய பெயர்களையே பயன்படுத்துகிறார். இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது பெருங்குழப்பத்தை உண்டாக்கியது.

அசோகர் ஆட்சிக்கு வந்தபோது பேரரசு மேற்கே இன்றைய ஆப்கானிஸ்தான் வரை பரவியிருந்தது. கிழக்குக் கடற்கரையில் இருந்த கலிங்கம் அதற்கு உட்படாமல் இருந்தது. இன்றைய ஒடிசாவின் கடற்கரைப் பகுதியும் ஆந்திரத்தின் வடபகுதியும் சேர்ந்த நாடு அது. முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின் அசோகர் அதன்மீது படையெடுத்தார், வென்றார். ஒரு பேரரசர் தம் எல்லையை விரிவாக்கிக்கொண்டார் என்பதற்குமேல் அன்றைய உலகம் இதில் வியப்படைய ஒன்றும் இல்லை. வெற்றி விழா எடுத்து, வெற்றித் தூண் நாட்டி, அடுத்த நாட்டின்மீது கண் வைப்பதே அரசர்களின் இயல்பு.

அசோகர் அதைச் செய்யவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் பொறிப்பித்த பதினான்கு பாறைக் கல்வெட்டுகளின் வரிசையில் பதின்மூன்றாவது, அப்போரைப் பற்றியது. அக்கல்வெட்டு கணக்குச் சொல்லித் தொடங்குகிறது. கலிங்கத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டோர் 1,50,000 பேர். போரிலேயே கொல்லப்பட்டோர் 1,00,000 பேர். அதைப்போலப் பல மடங்கினர் வேறு வகைகளில் மாண்டனர். பகைவர் தரப்பில் இத்தனை பேரைக் கொன்றேன் என்று பெருமை பேசும் எண்ணிக்கை அன்று இது. தம் கணக்கில் தாமே எழுதிக்கொண்ட கடன் இது.

அடுத்து அவர் கூறுவது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கலிங்கத்திலும் அந்தணர்கள் இருந்தார்கள், துறவிகள் இருந்தார்கள், தாய் தந்தையரைப் பேணி, ஆசிரியரை மதித்து, பணியாளரிடம் பரிவோடு நடந்துகொண்ட இல்லறத்தார் இருந்தார்கள். அவர்களுக்கே இந்தத் துன்பம் நேர்ந்தது என்கிறார். பகை நாட்டார் என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டவர்களைத் தம் வீட்டாரைப் போன்ற மனிதர்களாக அவர் காணத் தொடங்கிவிட்டார். தமக்கு ஒன்றும் நேராதபோதும், தம் நண்பரும் உறவினரும் துன்புறுவதைக் கண்டு துன்புற்றவர்களையும் அவர் கணக்கில் சேர்க்கிறார். போரின் கேடு போர்க்களத்தோடு முடிவதில்லை என்பதை ஒரு வெற்றியாளர் உணர்ந்து எழுதியிருக்கிறார். அன்று மாண்டவர்களில் நூற்றில் ஒரு பங்கினரோ ஆயிரத்தில் ஒரு பங்கினரோ இன்று அவ்வாறு துன்புற்றாலும் அது தமக்குப் பெருந்துயரமாகவே இருக்கும் என்றும் கூறுகிறார்.

இக்கல்வெட்டில் இல்லாத ஒன்றையும் நாம் கவனிக்க வேண்டும். போருக்கான காரணம் அதில் எங்கும் கூறப்படவில்லை. கலிங்கர் முதலில் தாக்கினர் என்றோ, தம் அமைச்சர்கள் தூண்டினர் என்றோ, அரச நெறி அதுதான் என்றோ அவர் எழுதியிருக்கலாம். எழுத்தும் கல்லும் அவர் கையில்தான் இருந்தன. மறுப்பவர் யாரும் இல்லை. வகுப்பில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தால்கூட, நம் வாயில் முதலில் வருவது நம்மைத் தள்ளிவிட்டவன் பெயர்தான். அசோகரோ எவர் பெயரையும் சொல்லவில்லை. வென்றவர் தாம், அழிவுக்குக் காரணமும் தாம் என்று நிறுத்திக்கொண்டார்.

ஒரே நாளில் போர்க்களத்தில் மனம் மாறிப் புத்த சமயத்தைத் தழுவினார் என்று கதைகளிலும் திரைப்படங்களிலும் காட்டுவர். அவரே தரும் வரலாறு அப்படி இல்லை. பஹாப்பூர், பிரம்மகிரி முதலிய இடங்களில் உள்ள சிறு பாறைக் கல்வெட்டில், தாம் புத்த நெறியைப் பின்பற்றும் இல்லறத்தாராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றும், அதில் முதல் ஓராண்டு தாம் போதிய முயற்சி செய்யவில்லை என்றும், அதன்பின் துறவியர் சங்கத்தை அணுகியபோதே ஊக்கத்தோடு முயன்றதாகவும் எழுதுகிறார். ஒரு பேரரசர் ஓராண்டு தாம் சோம்பி இருந்ததை ஊரறியச் சொல்லவேண்டிய தேவை என்ன? தம்மைப் பற்றிய உண்மையைச் சொல்லிப் பழகிவிட்டவருக்கு அது இயல்பாக வந்தது என்றே தோன்றுகிறது. உயர்ந்தோர் மட்டுமன்றி எளியோரும் முயன்றால் இந்த உயர்வை அடையலாம் என்றும் அதே கல்வெட்டு சேர்த்துச் சொல்கிறது.

வருத்தம் தெரிவிப்பது எளிது. அதன்பின் நாள்தோறும் எப்படி நடப்பது என்பதே கடினம். அசோகர் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார். அரண்மனை மடைப்பள்ளியில் முன்பு நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் உணவுக்காகக் கொல்லப்பட்டன என்று முதல் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. இக்கல்வெட்டு எழுதப்படும்போது அது மூன்றாகக் குறைந்துவிட்டது. இரண்டு மயில்கள், ஒரு மான்; அந்த மானும் எல்லா நாளும் இல்லை. இனி இந்த மூன்றும் கொல்லப்படமாட்டா என்று முடிக்கிறார். அந்த இரண்டு மயில்களைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. முற்றும் விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். ஆனால், இன்னும் விடாததை இன்னும் விடவில்லை என்றே எழுதினார்.

முன்னைய மன்னர்கள் வேட்டைக்கும் இன்பப் பயணங்களுக்கும் சென்றனர். அசோகர் முடிசூடிப் பத்து ஆண்டுகள் ஆனபின், புத்தர் மெய்யறிவு பெற்ற இடத்திற்குச் சென்று வந்தார். அதுமுதல் அவருடைய பயணங்கள் அறப்பயணங்கள் ஆயின. முதியோரைக் கண்டு பொருள் வழங்குவது, நாட்டுப்புற மக்களைச் சந்திப்பது, அவர்களோடு அறத்தைப் பற்றி உரையாடுவது ஆகியவற்றில் வேட்டையைவிட மிகுந்த இன்பம் கிடைப்பதாக அவர் கூறுகிறார்.

அரசருக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று உண்டல்லவா? அதையும் அவர் தம் கையால் குறைத்துக்கொண்டார். உண்ணும்போதும், அந்தப்புரத்தில் இருக்கும்போதும், பல்லக்கில் செல்லும்போதும், சோலையில் உலவும்போதும், எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் மக்களின் குறைகளைத் தம்மிடம் வந்து தெரிவிக்கலாம் என்று ஆணையிட்டார். தாம் செய்த பணி போதும் என்னும் நிறைவு தமக்கு ஒருபோதும் ஏற்படுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இவ்வளவு உழைப்பும் எதற்காக? உயிர்கள் அனைத்திற்கும் தாம் பட்டிருக்கும் கடனைத் தீர்ப்பதற்காக என்பதே அவர் தந்த விடை. அரசருக்குக் குடிகள் வரி கொடுக்கக் கடன்பட்டவர்கள் என்பதுதான் நாம் அறிந்தது. இவரோ கணக்கைத் திருப்பி எழுதினார். தம் வாழ்வுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை இந்தக் கடன்தான் என்று கொள்ளலாம்.

அறம் என்பதை அவர் தம்மம் என்னும் சொல்லால் குறித்தார். அது ஒரு சமயத்தின் பெயர் அன்று. தாய் தந்தையர் சொற்கேட்டல், நண்பர்க்கும் உறவினர்க்கும் ஈதல், அடிமைகளையும் பணியாளரையும் நன்கு நடத்துதல், உயிர்க்கொலை தவிர்த்தல், குறைவாகச் செலவிட்டுக் குறைவாகச் சேர்த்து வாழ்தல் ஆகியவையே அது. எல்லாச் சமயத்தாரையும் மதிக்கவேண்டும் என்பதும் அதில் அடங்கும். தம் சமயத்தை உயர்த்துவதற்காகப் பிறர் சமயத்தை இகழ்பவர் உண்மையில் தம் சமயத்திற்கே கேடு செய்கிறார் என்று பன்னிரண்டாம் கல்வெட்டில் எச்சரிக்கிறார்.

வழிகளில் மரம் நட்டார், கிணறு தோண்டினார் என்பது சிறுவயதிலிருந்தே நீங்கள் கேட்டுவரும் செய்தி. அதில் தமிழருக்கு உரிய பகுதி ஒன்று உண்டு. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் இரண்டாம் கல்வெட்டு, தம் நாட்டில் மட்டுமன்றி எல்லைக்கு அப்பால் உள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளிலும் தாமிரபரணியிலும் அவ்வசதி செய்யப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. தாமிரபரணி என்பது இலங்கை. மூலிகைகளும் கிழங்குகளும் கனி மரங்களும் இல்லாத இடங்களுக்கு அவை கொண்டு செல்லப்பட்டு நடப்பட்டன. தமிழ் மன்னர்கள் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டவர் அல்லர். எல்லையில் நின்ற பேரரசரிடமிருந்து அவர்களுக்கு வந்தது படை அன்று, மருந்துச் செடி! இதில் வரும் சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. தமிழ்நாட்டில் ஜம்பை என்னும் ஊரில் 1981இல் கண்டறியப்பட்ட ஒரு கல்வெட்டு, அது அதியமான் மரபினரைக் குறிக்கும் எனக் காட்டியது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் மரபுதான் அது.

இனி, அசோகர் வென்ற கலிங்கத்திற்குத் திரும்புவோம். தௌலியிலும் ஜௌகடாவிலும், மற்ற இடங்களில் உள்ள பதினான்கு கல்வெட்டுகளின் வரிசை பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால், போருக்கு வருந்தும் பதின்மூன்றாம் கல்வெட்டு அங்கே இல்லை. அதற்கு மாற்றாக வேறு இரண்டு ஆணைகள் உள்ளன. தம் வருத்தத்தை நாடெங்கும் சொன்னவர், அடிபட்டவர்களிடம் ஏன் சொல்லவில்லை? ஆறாத புண்ணை மீண்டும் கிளற வேண்டாம் என்று கருதினார் எனச் சிலர் கூறுவர். பகை மூளும் என்னும் அரசியல் எச்சரிக்கை அது எனச் சிலர் கூறுவர். இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம். கலிங்கத்தை அவர் அதன் மக்களிடமே திருப்பித் தரவும் இல்லை. பதின்மூன்றாம் கல்வெட்டிலேயே காட்டில் வாழும் குடிகளை நோக்கி, தாம் வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்பதை நினைவூட்டுகிறார். அசோகரை மதிப்பவர்கள் இவற்றை மறைக்க வேண்டியதில்லை. அவர் தம் பிழைகளை மறைக்காதவர் அல்லரோ!

கலிங்கத்துக்கென எழுதிய அந்த ஆணைகள் அங்குள்ள அதிகாரிகளை நோக்கியவை. மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்கிறார் அசோகர். பிறகு, குற்றமற்றவர் சிலர் காரணமின்றிச் சிறைப்படுகின்றனர், துன்புறுத்தப்படுகின்றனர் என்று வெளிப்படையாகவே சுட்டுகிறார். ஓர் அதிகாரி நடுநிலை தவறக் காரணங்கள் எவை என்று ஆராய்ந்து பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். களைப்பையும் இவற்றோடு சேர்த்தது எவ்வளவு நுட்பம்! நாள் முழுதும் வேலை பார்த்துச் சோர்ந்தவரிடம் மாலையில் செல்லும் ஏழைக்கு நீதி கிடைப்பது அரிது என்பதை அவர் கண்டிருக்கிறார். அதிகாரிகள் தங்களைத் தாங்களே இவ்வாறு சோதித்துக்கொள்ள வேண்டும். பூச நட்சத்திர நாள்தோறும் இந்த ஆணை படிக்கப்பட வேண்டும். கேட்பவர் ஒருவராக இருந்தாலும் இடையிலும் படிக்கலாம் என்றும் விதித்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கடுமையற்ற இயல்புடைய அதிகாரி ஒருவர் மேற்பார்வைக்கு அனுப்பப்படுவார் என்றும் அறிவித்தார். கலிங்க மக்களிடம் வாயால் வருந்தாதவர், இவ்வாறு வேறு வகையில் அவர்களுக்குப் பொறுப்பேற்க முயன்றார்.

காலம் சென்றது. முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆனபின் அவர் தூண்களில் எழுதத் தொடங்கினார். அவற்றுள் மூன்றாவது தூண் கல்வெட்டு மிகச் சிறியது. அவருடைய எழுத்துகளில் என் மனத்தில் ஆழமாக நிற்பதும் அதுவே. மனிதன் தான் செய்த நன்மையை மட்டும் பார்த்து, இந்த நல்ல செயலைச் செய்தேன் என்று மகிழ்கிறான். தான் செய்த தீமையை அவன் பார்ப்பதே இல்லை. அதைக் காண்பது கடினம். ஆயினும் கண்டே ஆகவேண்டும் என்பது அதன் கருத்து. சீற்றம், கொடுமை, செருக்கு, பொறாமை ஆகியவை தீமைக்கு இழுத்துச் செல்லும் என்றும் அதில் சொல்கிறார். முன்பு கலிங்கத்தை வென்றவர், முதுமையை நெருங்கும்போது எழுதியது இது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருத்துவம், மரம், கிணறு என எவ்வளவோ நன்மைகளைச் செய்துவிட்டார். அவற்றைப் பார்த்து மகிழ்வதில் உள்ள ஆபத்தைத் தம்மிடமே கண்டிருக்க வேண்டும்.

அவர் மரண தண்டனையை ஒழிக்கவில்லை. ஆனால், தண்டனை விதிக்கப்பட்டவருக்கு மூன்று நாள் தவணை அளித்தார். உறவினர்கள் மன்றாடி உயிரைக் காக்க முயலலாம். முடியாதெனில் அவர் தம் மறுமைக்காக நோன்பும் கொடையும் மேற்கொள்ளலாம். இருபத்தாறு ஆண்டுகளில் இருபத்தைந்து முறை சிறைப்பட்டோரை விடுவித்த செய்தியும் தூண் கல்வெட்டில் உண்டு.

மறு ஆண்டில் எழுதிய ஏழாவது தூண் கல்வெட்டு, தம் வாழ்நாள் பணியைத் திரும்பிப் பார்ப்பது போன்றது. மக்களை அறவழியில் செலுத்தத் தாம் இரண்டு வழிகளைக் கையாண்டதாக அதில் கூறுகிறார். ஒன்று, விதிகளை வகுத்தல். மற்றொன்று, மனத்தில் எண்ணிப் பார்க்கச் செய்தல். விதிகளால் விளைந்த பயன் சிறிது. எண்ணிப் பார்ப்பதால் விளைந்ததே பெரிது என்பது அவர் முடிவு. ஆணையிடும் அதிகாரம் முழுதும் பெற்றிருந்தவர் ஆணையின் எல்லையை இவ்வாறு அளந்திருக்கிறார். அறம் ஒவ்வொருவரும் தமக்குள் தேடி எடுக்கவேண்டியது. பேரரசரேயானாலும் பிறருக்காக அதைத் தாம் எடுத்துத் தர இயலாது.

கி.மு. 232ஐ ஒட்டி அவர் மறைந்தார். அவருடைய இறுதிக் காலத்தைப் பற்றிப் பௌத்த நூல் ஒன்று சொல்லும் கதை உருக்கமானது. கருவூலம் முழுவதையும் வாரி வழங்கிவிடுவார் என அஞ்சிய அமைச்சர்கள், அவர் கொடுப்பதைத் தடுத்துவிட்டனராம். இறுதியில் அவர் கையில் எஞ்சியது பாதி நெல்லிக்கனி. அதையும் சங்கத்திற்கு அனுப்பி வைத்தாராம். கதைதான். இருந்தாலும் அதியமானின் நெல்லிக்கனியை அறிந்த நமக்கு அது அயலார் கதையாகத் தோன்றுவதில்லை.

மௌரியப் பேரரசு அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே நிலைத்தது. காலப்போக்கில் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர்களும் இல்லாமற்போயினர். 14ஆம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், இன்றைய அரியானாவில் உள்ள தோப்ரா என்னும் ஊரிலிருந்து ஒரு தூணைத் தில்லிக்குக் கொண்டுவந்தார். இலவம் பஞ்சை விரித்து அதன்மேல் தூணைச் சாய்த்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் மிதக்கவிட்டுத் தம் கோட்டைக்குள் நிறுத்தினார். அதில் எழுதியிருப்பது என்ன என்று அறிஞர்களை அழைத்துக் கேட்டார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. ஏழாவது கல்வெட்டு முழுமையாகப் பொறிக்கப்பட்ட தூண் அது ஒன்றே. விதியைவிட எண்ணிப் பார்த்தலே பெரிது என்ற சொற்கள், அவ்வாறு யாருக்கும் விளங்காமல் கோட்டையின் உச்சியில் நின்றுகொண்டிருந்தன.

1837இல், கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் அப்பூட்டைத் திறந்தார். சாஞ்சியில் இருந்த சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதை அவர் கண்டார். கொடையாளர் பெயருக்குப் பின் வரும் அச்சொல் தானம் என்பதாக இருக்கவேண்டும் என ஊகித்தார். ஊகம் பலித்தது, ஒவ்வோர் எழுத்தாக விளங்கிற்று. ஆனால், பியதசி என்பவர் யார் என்னும் குழப்பம் எழுந்தது. முதலில் அவரை இலங்கை மன்னர் என்றுகூட எண்ணினர். இலங்கையில் இருந்த பாலி மொழி வரலாற்று நூலே பியதசி என்பவர் அசோகர்தாம் எனத் தெளிவாக்கியது. அசோகர் என்ற பெயரே பொறிக்கப்பட்ட கல்வெட்டு 1915இல் கருநாடகத்தின் மாஸ்கியில் கிடைத்தபோது ஐயம் முற்றிலும் நீங்கியது.

அந்த எழுத்தின் பெயர் பிராமி. நாம் இன்று எழுதும் தமிழ் எழுத்தும் அதன் வழியில் வந்ததே. தில்லியில் வாழ்பவர்கள் பிரோஸ் ஷா கோட்டைக்குச் சென்றால் அத்தூணைக் காணலாம். மற்றவர்கள் படத்தில் பார்க்கலாம். மூன்றாவது கல்வெட்டில் நற்செயலைக் குறிக்கும் சொல் கயான என்பது. நம் கல்யாணம் என்னும் சொல்லின் பழைய உறவு அது. அதன் முதல் எழுத்தாகிய க, கணக்கில் நீங்கள் போடும் கூட்டல் குறியைப் போலவே இருக்கும். தீயசெயலைக் குறிக்கும் சொல் பாப என்பது. அதன் இரண்டாவது எழுத்துக்கு இடப்புறம் உயர்ந்த ஒரு கோடு, கீழே வளைவு, வலப்புறம் குட்டையான ஒரு கோடு. காண்பது கடினம் என்று அசோகர் சொன்ன அந்தச் சொல்லில் உள்ள எழுத்தை, உங்கள் தமிழ் ஏட்டில் நாள்தோறும் ப என்று நீங்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.